இளையரோடு பயிற்றுவிப்பாளரையும் மூன்று நாள் முன்னதாக அனுப்புங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பிள்ளைகளை வெளிநாட்டு கோல்ஃப் போட்டிக்கு அனுப்பும் பெற்றோர் ஒரு கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். ஆட்டம் நடக்கும்போது பயிற்றுவிப்பாளர் வாயே திறக்கக்கூடாது என்றால், அவருக்கு எதற்கு விமானச் சீட்டும் ஹோட்டல் அறையும்? செலவுக் கணக்கு பார்க்கும் கழகங்களும் இதையேதான் கேட்கின்றன. அதனால் சில அணிகள் பயிற்றுவிப்பாளர் இல்லாமலே போகின்றன. வேறு சில அணிகளில் அவர் போட்டிக்கு முந்திய இரவு போய் இறங்கி, மறுநாள் காலை முதல் டீ (முதல் பந்தை அடிக்கும் இடம்) அருகே கைகட்டி நிற்கிறார். வீண்செலவு என்று சொல்வதானால் இந்த இரண்டாவதைத்தான் சொல்ல வேண்டும். அவர் செய்ய வேண்டிய வேலையில் பெரும்பகுதி முதல் பந்து பறப்பதற்குள் முடிந்திருக்க வேண்டியது. எஞ்சியது ஸ்கோர்கார்டில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் தொடங்குகிறது. நடுவில் அவர் பார்க்கிறார், எழுதுகிறார். அதுவும் லேசான வேலை அன்று.

பெரிய அமெச்சூர் போட்டிகள் சிங்கப்பூருக்குப் புதியவை அல்ல. ஆசிய பசிபிக் அமெச்சூர் வெற்றியாளர் போட்டி 2011இல் சிங்கப்பூர் ஐலண்ட் கன்ட்ரி கிளப்பிலும் 2018இல் செந்தோசாவிலும் நடந்தது. மகளிருக்கான ஆசிய பசிபிக் போட்டி 2018இல் தொடங்கியதே செந்தோசாவில்தான். 2025 அக்டோபரில் உலக அமெச்சூர் அணிப் போட்டிகள் தானா மேராவுக்கு வந்தன. இங்கே ஆடும்போது புல், வெயில், காற்று எல்லாம் நம் பிள்ளைகளுக்குப் பழக்கம். வெளிநாட்டில் அந்தச் சாதகம் அடுத்தவர் கைக்குப் போய்விடுகிறது. அதை ஓரளவாவது மீட்டுக் கொடுப்பதற்குத்தான், பயிற்றுவிப்பாளரோடு மூன்று நாள் முன்னதாகப் போகச் சொல்கிறேன்.

முதலில் தூரக் கணக்கு. சிங்கப்பூரில் பிள்ளைகள் மீட்டரில் ஆடிப் பழகியவர்கள். ஆஸ்திரேலியாவிலும் மீட்டர்தான், சிக்கல் இல்லை. பிரிட்டன், அமெரிக்கா, ஜப்பான் போன்ற இடங்களில் யார்டு. 150 யார்டு என்பது 137 மீட்டர். திடலின் தூரக் குறிப்பேட்டில் 150 என்று பார்த்த பையன் பழக்கதோஷத்தில் 150 மீட்டருக்கான கிளப்பை (மட்டையை) எடுத்தால், பந்து 13 மீட்டர் தாண்டிப் போய் கிரீனுக்கு (குழி இருக்கும் புல்தரைக்கு) பின்னால் விழும். ஒரு கிளப்புக்கும் மேலான வித்தியாசம் இது. தூரம் அளக்கும் லேசர் கருவியை யார்டுக்கு மாற்றினால் போதும் என்று நினைக்கக்கூடாது. போட்டியை நடத்துவோர் உள்ளூர் விதி போட்டு லேசருக்குத் தடை விதிக்கலாம். கொடி இருக்கும் இடத்தைக் காட்டும் அன்றாடத் தாளும் யார்டில்தான் வரும். ஒவ்வொரு பிள்ளையும் தன் கிளப் ஒவ்வொன்றும் போகும் தூரத்தை யார்டில் எழுதி, ஒரு சிறு அட்டையாகப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். அதை விமானம் ஏறுவதற்கு முன்பே சிங்கப்பூரில் எழுதிவிடலாம்.

அந்த அட்டையும் போன இடத்தில் திருத்தம் கேட்கும். 31 பாகை வெயிலில் அளந்த தூரம் 10 பாகைக் குளிரில் வராது. குளிர்ந்த காற்று அடர்த்தி மிக்கது, பந்தும் இறுகிவிடுகிறது, ஸ்வெட்டர் போட்ட தோளும் முழுதாகத் திரும்புவதில்லை. 20 பாகை இறங்கினால் நடுத்தர அயர்னில் (நடுத்தரத் தூரத்துக்கான இரும்புக் கிளப்பில்) ஏறத்தாழ 5, 6 மீட்டரும் டிரைவரில் (மிக அதிகத் தூரம் அடிக்கும் கிளப்பில்) 8 முதல் 10 மீட்டரும் குறையும் என்று வைத்துக்கொள்ளலாம். மலைப்பகுதித் திடல் என்றால் கணக்கு தலைகீழ்: உயரம் 300 மீட்டர் கூடக்கூட, தூரம் ஏறத்தாழ 1 முதல் 2 விழுக்காடு கூடும். நம் ஊர் ஈரப்பதம் பந்தை இழுத்துப் பிடிக்கிறது என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் ஈரமான காற்று உலர்ந்த காற்றைவிடச் சற்றே லேசானது; ஆட்டத்தில் அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. வெப்பநிலையும் உயரமும் காற்றும்தான் கவனிக்க வேண்டியவை. போய்ச் சேர்ந்த மறுநாள் பயிற்சித் திடலில் 7 அயர்ன், 5 அயர்ன், டிரைவர் மூன்றையும் பத்துப் பத்து பந்து அடிக்கவைத்து, அட்டையில் பழைய எண்ணுக்குப் பக்கத்தில் புதிய எண்ணை எழுதினால் வேலை முடிந்தது. ஒரு மணி நேரம்கூட ஆகாது. முந்திய இரவு வந்திறங்கும் அணிக்கு அந்த ஒரு மணி நேரம் கிடைப்பதில்லை.

குளிரில் இன்னொன்று. கையைச் சூடாக்கும் சிறு பைகளைப் பயன்படுத்த விதியில் தடை இல்லை. அதே பையை வைத்துப் பந்தைச் சூடாக்கி ஆடினால் தகுதிநீக்கம். பெற்றோர் நல்லெண்ணத்தில் சொல்லிக்கொடுக்கக்கூடிய யோசனை இது, தயவுசெய்து சொல்லாதீர்கள்.

காற்றைப் பற்றி நம் பிள்ளைகளுக்கு முதல் நாளிலேயே சொல்லிப் பழக்க வேண்டும். நிலையாக, பலமாக, நாள் முழுவதும் வீசும் கடற்காற்று நம் திடல்களில் அரிது. எதிர்க்காற்று வந்ததும் இளையர் செய்யும் முதல் காரியம் பலமாக அடிப்பது. பலமாக அடித்தால் பந்தின் சுழற்சி கூடும். சுழற்சி கூடினால் பந்து மேலே ஏறி, நடுவானில் நின்று, முன்னே போகாமல் விழும். செய்ய வேண்டியது இதற்கு நேர்மாறானது. ஒன்று அல்லது இரண்டு கிளப் கூடுதலாக எடுத்து, பிடியை இரண்டு மூன்று சென்டிமீட்டர் கீழே இறக்கி, முக்கால் வீச்சில் நிதானமாக அடிக்க வேண்டும். எதிர்க்காற்று பறிக்கும் தூரம் பின்காற்று கொடுக்கும் தூரத்தைவிட ஏறத்தாழ இரு மடங்கு. ஆகவே 'போகும்போது இழந்ததை வரும்போது எடுத்துக்கொள்ளலாம்' என்ற கணக்கு கோல்ஃபில் செல்லாது.

அடுத்தது புல். என் பார்வையில் வெளிநாட்டில் நம் இளையர் அடிகளை அதிகம் இழக்கும் இடம் இதுதான். யாரும் பேசாத இடமும் இதுதான். இங்கே ஃபேர்வேயில் (டீக்கும் கிரீனுக்கும் இடையே சீராக வெட்டிய புல்வெளியில்) சோய்சியா போன்ற விறைப்பான புல் பந்தைத் தூக்கிப் பிடித்துக்கொடுக்கிறது. கிளப் சற்றுப் பிசகி வந்தாலும் பந்து சுத்தமாகப் போய்விடும். கடலோர லிங்க்ஸ் திடலின் மெல்லிய ஃபெஸ்க்யூ புல்லில் பந்து ஏறத்தாழ மண்மேல் கிடக்கும். அங்கே கிளப்பின் முன்விளிம்பு தரையில் குத்தினால், மூன்று மீட்டர் போய் நின்றுவிடும் அந்தப் பந்து. கிரீனைச் சுற்றி வெட்ஜுக்கு (பந்தை உயரத் தூக்கும் குறுந்தூரக் கிளப்புக்கு) பதிலாக 7 அயர்னாலோ புட்டராலோ (கிரீனில் பந்தை உருட்டும் கிளப்பாலோ) உருட்டிவிடுவது அங்கே பாதுகாப்பான வழி. அதை முதல் சுற்றின் நான்காவது குழியில் கண்டுபிடிக்கக்கூடாது. பவுன்ஸ் (கிளப்பின் அடிப்பகுதிக் கோணம்) 12, 14 பாகை என்று அதிகமுள்ள வெட்ஜ் நம் மென்மையான மணலுக்குச் சரி. இறுகிய தரைக்கு 6 முதல் 8 வரை பவுன்ஸ் உள்ள ஒன்றும் பையில் வேண்டும். அதைச் சேர்க்கும்போது வேறொன்றை வெளியே எடுக்க மறக்கக்கூடாது. 14 கிளப்தான் உச்சவரம்பு. 2001 பிரிட்டிஷ் ஓப்பனின் கடைசிச் சுற்றில் இயன் வூஸ்னம் முதல் குழியில் பேர்டி (வகுத்த அடிக்கணக்கான பாருக்கு ஓர் அடி குறைவு) அடித்துவிட்டு இரண்டாவது டீக்குப் போனபோது பையில் 15 கிளப் இருந்தது தெரியவந்தது. தண்டனையாக ஸ்கோரில் இரண்டு அடி கூடியது. உலகத்தரம் வாய்ந்த ஆட்டக்காரருக்கும் அவர் பையைத் தூக்கும் கேடிக்குமே நடந்தது, பதினைந்து வயதுப் பிள்ளைக்கு நடக்காதா? ஒவ்வொரு நாளும் ஹோட்டலைவிட்டுக் கிளம்பும்போது ஒரு முறை, முதல் டீயில் ஒரு முறை எண்ண வேண்டும்.

கிரீனிலும் இதே கதை. பெர்முடா புல்லில் புல் சாயும் திசையைப் பார்த்து ஆடக் கற்ற பிள்ளை, வெயில் பட்டு மினுங்கும் பக்கம் பந்து வேகமாகப் போகும் என்று எதிர்பார்க்கிறது. குளிர்நாட்டு பென்ட்கிராஸ் கிரீனில் அந்தச் சாய்வின் பங்கு மிகக் குறைவு. நிலத்தின் சரிவுதான் பெரும்பாலும் முடிவு செய்கிறது. இல்லாத சாய்வைக் கணக்கில் சேர்த்து, சரியாக அடித்த புட்டைத் தவறவிட்டு, தன் புட்டிங் கெட்டுவிட்டது என்று பிள்ளை நினைத்துக்கொள்கிறது. கெட்டது புட்டிங் அன்று, வாசிப்பு. இதைச் சரிசெய்ய எளிய வழி உண்டு. பயிற்சிக் கிரீனில் ஒரு குழியைச் சுற்றி நான்கு திசைகளிலும் 6 மீட்டர் தூரத்தில் டீ ஆணி குத்தி, ஒவ்வோர் இடத்திலிருந்தும் மூன்று பந்து உருட்ட வேண்டும். குழியில் விழ வைப்பது நோக்கமாக இருக்கக்கூடாது. மேட்டிலிருந்து வரும் பந்து குழியை எவ்வளவு தாண்டுகிறது, பள்ளத்திலிருந்து வருவது எவ்வளவு முன்னால் நிற்கிறது, பக்கவாட்டில் எத்தனை அடி வளைகிறது என்பதைப் பிள்ளையே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பன்னிரண்டு பந்து முடிவதற்குள் கைக்கு வேகம் பிடிபடத் தொடங்கும்.

பயிற்சிச் சுற்றில் ஸ்கோர் எண்ணக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. எண்ணத் தொடங்கினால் பிள்ளை நல்ல அடியைத் தேடும், திடலைப் பார்க்காது. அந்தச் சுற்று முடியும்போது குறிப்பேட்டில் இருக்க வேண்டியவை வேறு. டீயிலிருந்து எங்கே போனால் பிழைக்கலாம், எங்கே போனால் பிழைக்க முடியாது. கிரீனின் எந்தப் பக்கம் தவறவிட்டால் சிப் செய்ய (பந்தைச் சற்றே தூக்கிக் கிரீனில் போட) இடமிருக்கும். பங்கர் எனும் மணல்பள்ளத்தில் மணல் எவ்வளவு ஆழம் (காலணியால் அழுத்திப் பார்த்தாலே தெரியும்). நான்கு நாளும் கொடி வைக்கப்படக்கூடிய நான்கு இடங்கள். ஒவ்வொரு கிரீனிலும் அந்த நான்கு இடத்துக்கும் ஒரு பந்தாவது உருட்டிப் பார்க்க வேண்டும். போட்டி நாளில், சுற்றுக்கு முன் திடலுக்குள் இறங்கிப் பழக விதி இடம்கொடுக்காது. முதல் டீ அருகே புட்டிங், சிப்பிங் செய்யலாம், பயிற்சிக்கென்று ஒதுக்கிய இடங்களில் பழகலாம், அவ்வளவுதான். விட்டதைப் பிடிக்க வாய்ப்பு இராது.

பயணம் பற்றிச் சுருக்கமாக. டிரைவரின் தலையைக் கழற்ற முடியுமென்றால் கழற்றித் துண்டில் சுற்றிவைத்து, டிரைவரைவிட நீளமான ஒரு கம்பை உறைக்குள் நட்டுவைத்தால் கிளப் உடையாது. லேசரும் பவர்பேங்கும் கைப்பையில். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போவோர் காலணி முள்ளிலும் கிளப் வரிப்பள்ளத்திலும் ஒட்டிய மண், புல் எல்லாவற்றையும் வீட்டிலேயே தேய்த்துக் கழுவி, தரையிறங்கியதும் அறிவிப்புப் படிவத்தில் அறிவிக்க வேண்டும். பந்தை வைத்து அடிக்கும் மரத்தாலான டீ ஆணிகூட அந்தக் கணக்கில் வரும். நேர வித்தியாசத்தில் உடல் ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான் சரிசெய்துகொள்கிறது. ஜப்பானுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ மூன்று நாள் போதும். பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் ஒரு வாரம் கேட்பது ஆடம்பரம் ஆகாது.

இனி, பெற்றோர் கேட்கும் அந்த மௌனம். கோல்ஃப் விதி 10.2 சொல்வது இது: சுற்றின்போது ஆட்டக்காரர் தன் கேடியைத் தவிர வேறு யாரிடமும் ஆலோசனை கேட்கக்கூடாது. கேட்டால் இரண்டு அடி தண்டனை. எந்தக் கிளப், எப்படி அடிப்பது, எந்த வழியில் ஆடுவது என்பதில் ஆட்டக்காரரின் முடிவை மாற்றும் நோக்கத்தோடு சொல்லும் சொல் மட்டுமன்று, செய்யும் சைகையும் ஆலோசனைதான். பிள்ளை 6 அயர்னைத் தொடும்போது அப்பா தலையை ஆட்டினால் அதுவும் அதில் சேரும். பிள்ளை கேட்காமலே ஒருவர் ஒரு தடவை ஏதோ சொல்லிவிட்டால் உடனே தண்டனை வராது. ஆனால் அதே ஆள் தொடர்ந்து சொல்லிக்கொண்டிருக்க, பிள்ளை அதை நிறுத்தச் சொல்லாமல் இருந்தால், கேட்டு வாங்கியதாகவே கணக்கு. மறுபக்கம், எல்லாருக்கும் பொதுவான தகவல் ஆலோசனை ஆகாது: கொடி எங்கே, பங்கர் எத்தனை மீட்டரில், விதி என்ன சொல்கிறது, இவற்றைச் சொல்லலாம். என்றாலும் இளையர் போட்டிகளில் பெற்றோரும் பயிற்றுவிப்பாளரும் ஆட்டக்காரரை நெருங்கவே கூடாது என்று தனி விதி வைப்பவர்கள் உண்டு. போட்டி விதிமுறைத் தாளைப் படித்துவிட்டுத்தான் தைரியப்பட வேண்டும்.

'அப்படியானால் பயிற்றுவிப்பாளரே கேடியாகப் போகட்டுமே' என்பார்கள். நடத்துவோர் அனுமதித்தால் போகலாம். ஆனால் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு போனவர் ஒருவருக்குப் பை தூக்கினால் மற்ற இருவரையும் கைவிட்டதாக ஆகிவிடும். அணிப் போட்டி வேறு வகை. அங்கே நடத்துவோர் உள்ளூர் விதி வழியாக இடம்கொடுத்தால், அணிக்கு ஆலோசனை சொல்ல ஒருவரை நியமித்து, அவர் பெயரை முன்கூட்டியே பதிவுசெய்யலாம். உலக அமெச்சூர் அணிப் போட்டியில் மூன்று பேர் ஆட, ஒவ்வொரு நாளும் சிறந்த இரண்டு ஸ்கோர் மட்டும் சேர்க்கப்படுகின்றன. முதல் குழியில் 8 அடித்த பிள்ளை 'இன்று என் ஸ்கோர் எப்படியும் சேராது' என்று கையை விரித்துவிட்டால், மாலையில் மற்றொருவர் சறுக்கும்போது அந்த ஸ்கோர்தான் தேவைப்படும். இதையும் முதல் நாளுக்கு முன்பே பேசிவைத்திருக்க வேண்டும்.

சரி, பேசாமல் நடக்கும் பயிற்றுவிப்பாளர் என்ன செய்கிறார்? மூன்று ஆட்டக்காரர்கள் மூன்று வெவ்வேறு குழுக்களில் இருந்தால், ஓடி ஓடி எல்லாரையும் கொஞ்சம் கொஞ்சம் பார்ப்பதில் பலன் குறைவு. ஒரு 3 பார், ஒரு 5 பார், ஒரு கடினமான 4 பார் என்று அருகருகே உள்ள மூன்று குழிகளைத் தேர்ந்து, அங்கேயே நின்று மூவரும் கடந்து போவதைப் பார்ப்பது மேல். ஒரே கொடி, ஏறத்தாழ ஒரே காற்று, மூன்று வித முடிவுகள். ஒப்பிட்டுப் பார்க்க அதைவிட நல்ல இடம் கிடையாது. கடைசி நாள் மட்டும் ஒருவரோடு 18 குழியும் நடக்கலாம். நிற்கும் இடம் டீக்கு அருகில் வேண்டாம். பந்து விழும் இடத்துக்குப் பக்கவாட்டில், 220, 230 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். பந்தைத் தேட மூன்று நிமிடம்தான் அனுமதி. தேடுவதில் யாரும் உதவலாம். பந்து எங்கே நுழைந்தது என்று பார்த்த ஒரு கண் அங்கே இருந்தால் இரண்டு அடி மிச்சம்.

கையில் இருக்கும் குறிப்பேட்டில் ஒரு வரி இப்படி இருக்கும்: '7ஆம் குழி. 143 மீ. காற்று இடப்பக்க எதிர். முதலில் 6 அயர்ன், பிறகு 7 அயர்ன். 52 வினாடி. 9 மீ. குறைவு, வலது. சிப் 2 மீ., புட் உள்ளே. தண்ணீர் குடிக்கவில்லை.' ஸ்கோர்கார்டில் இது வெறும் பார். இந்த வரியில் வேறு செய்தி இருக்கிறது. முதலில் எடுத்த கிளப் சரி, சந்தேகம் வந்து மாற்றியது தவறு, வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டது. அடிக்க 40 வினாடிக்கு மேல் ஆகக்கூடாது என்று விதியே பரிந்துரைக்கிறது. நேரம் நீள்வது பல நேரம் மனத் தடுமாற்றத்தின் முதல் அடையாளம். இத்தகைய பத்து வரி சேர்ந்தால் அடுத்த மூன்று மாதப் பயிற்சிக்கான திட்டம் தானாக வந்துவிடும். பந்து போன விதத்தை மட்டும் எழுதுகிறவர் பாதியைத்தான் எழுதுகிறார். முடிவெடுத்த விதத்தையும் எழுத வேண்டும்.

பக்கத்தில் நடக்கும் பெற்றோருக்கும் சில எண்கள் உதவும். அமெரிக்கப் பேராசிரியர் மார்க் பிராடி, அமெரிக்கத் தொழில்முறைப் போட்டித் தொடரான பி.ஜி.ஏ. டூர் தரவுகளிலிருந்து கணக்கிட்டபடி, தொழில்முறை ஆட்டக்காரர்களே 8 அடி தூர புட்டில், அதாவது ஏறத்தாழ இரண்டரை மீட்டரில், பாதியைத்தான் உள்ளே போடுகிறார்கள். 10 அடியில் 40 விழுக்காடு. 20 அடியில் 15 விழுக்காடு. இது தெரிந்தால், பிள்ளை 3 மீட்டர் புட்டைத் தவறவிட்டதற்காகக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் தலையில் கைவைக்க மாட்டோம். பிள்ளை அதைப் பார்க்கிறது. புட் தவறியதும் பல பிள்ளைகளின் கண் முதலில் பெற்றோர் நிற்கும் பக்கம்தான் திரும்புகிறது. ஒரு குழி முன்னால் நடந்துவிடுங்கள், உங்களுக்கும் நல்லது.

சுற்று முடிந்ததும் முதல் வேலை ஸ்கோர்கார்டு. அங்கே அவசரம் கூடாது. 1968 மாஸ்டர்ஸில் ராபர்ட்டோ டி விசென்சோ 17ஆம் குழியில் அடித்தது 3. மார்க்கர் (அவர் ஸ்கோரைக் குறித்த சக ஆட்டக்காரர்) 4 என்று எழுதியதைக் கவனிக்காமல் கையெழுத்திட்டார். உண்மையைவிடக் கூடுதலான ஸ்கோர் அப்படியே நிற்கும் என்பது விதி. ஓர் அடியில் பாப் கோல்பியிடம் பட்டத்தை இழந்தார். குறைத்து எழுதிக் கையெழுத்திட்டால் இன்னும் மோசம், தகுதிநீக்கம். மொத்தத்தைக் கூட்டுவது ஆட்டக்காரரின் பொறுப்பு இல்லை. ஒவ்வொரு குழியின் எண்ணும் அவர் பொறுப்பு. மார்க்கர் ஒவ்வொரு குழியாக வாய்விட்டுப் படிக்க, பிள்ளை தன் குறிப்போடு ஒத்துப்பார்க்க வேண்டும். ஒரு நிமிடம் ஆகும்.

அதன் பிறகு சாப்பாடு. தாங்கள் பார்த்ததையெல்லாம் உடனே கொட்டிவிட வேண்டும் என்ற ஆசை பயிற்றுவிப்பாளர்களுக்கு வரும். அரை மணி நேரமாவது பொறுக்க வேண்டும். பிறகும் முதலில் பேச வேண்டியது பிள்ளை. இன்று எந்த அடியில் உறுதியாக இருந்தாய், எதில் மனம் மாறினாய், நாளைக்கு எந்தக் குழியில் வேறு மாதிரி ஆடுவாய் என்று கேட்டால் போதும். போட்டி வாரத்தில் ஸ்விங்கை (கிளப்பை வீசும் முறையை) தொடக்கூடாது. பந்து வைக்கும் இடம், குறிபார்த்து நிற்கும் கோணம், வேகத்தின் தாளம், இவை மூன்றைத் தவிர வேறெதையும் திருத்தினால் மறுநாள் அந்தப் பிள்ளை இரண்டு ஸ்விங்குக்கு நடுவில் மாட்டிக்கொள்ளும். வெள்ளிக்கிழமை இரவு காணொளி அனுப்பி 'முழங்கை இப்படி இருக்கட்டும்' என்று சிங்கப்பூரிலிருந்து சொல்லும் இன்னொரு பயிற்றுவிப்பாளரையும் இதே காரணத்துக்காக அந்த வாரம் காத்திருக்கச் சொல்ல வேண்டும்.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். இளையர் வெளிநாட்டில் ஆடிய செய்தியைப் போடும்போது '78 அடித்து 41ஆம் இடம்' என்பதோடு நிறுத்தாமல், திடலின் பார் எவ்வளவு, எத்தனை பேர் ஆடினார்கள், அன்று முன்னணியில் இருந்தவரின் ஸ்கோர் என்ன என்பதையும் ஒரு வரியில் சேர்க்க வேண்டும். பலமான காற்றில் முன்னணி ஆட்டக்காரரே 72 அடித்த நாளின் 78 வேறு, எல்லாரும் 66 அடித்த நாளின் 78 வேறு. உலக அமெச்சூர் தரவரிசையே அன்றைய ஸ்கோரை உடன் ஆடியவர்களோடு ஒப்பிட்டுத்தான் மதிப்பிடுகிறது.

கழகங்களுக்கும் கோல்ஃப் சங்கத்துக்கும் சொல்ல வருவது நடைமுறையானது. பயண வரவுசெலவைப் போடும்போது பயிற்றுவிப்பாளருக்கு முன்னதாக மூன்று நாள் என்பதைத் தனி வரியாகச் சேருங்கள். ஆள் எண்ணிக்கையைக் குறைத்தாவது அந்த நாள்களைக் காப்பாற்றுங்கள். ஆயத்தம் இல்லாத நால்வரைவிட ஆயத்தமான மூவர் மேல். திரும்பி வந்த பிறகு அவரிடம் எத்தனையாவது இடம் என்று மட்டும் கேட்காமல் குறிப்பேட்டைக் கேளுங்கள். கூடப் போனவர் ஒருவர், வீட்டில் வாரந்தோறும் சொல்லிக்கொடுப்பவர் இன்னொருவர் என்பதுதான் இங்கே பெரும்பாலும் நிலைமை. அந்தக் குறிப்பேட்டின் நகல் ஒரு வாரத்துக்குள் வீட்டுப் பயிற்றுவிப்பாளரின் கைக்கும் பிள்ளையின் கைக்கும் போய்ச் சேர வேண்டும். ஆண்பிள்ளைகள் என்றால் இது இன்னும் அவசரம். தேசிய சேவையின் இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவர்களுக்குக் கிடைக்கும் வெளிநாட்டுப் போட்டிகள் மிகக் குறைவு. ஒரு போட்டியில் கற்றது அடுத்த போட்டிக்குள் பயிற்சியாக மாறியிருக்க வேண்டும்.

இப்படிக்கு,
இளையர் கோல்ஃப் பயிற்றுவிப்பாளர்,
ஈசூன்